வாலில்லாத ஃபின்னிஷ்

ஃபின்லாந்து உருப்படாமல் போனதற்குக் காரணம் குளிரும் இல்லை, சாராயமும் இல்லை. சொல்லின் வாலில் தொற்றிக்கொள்ளும் ‘ஹான்’ என்ற ஒட்டுதான். இதை மூன்றாமாண்டு மொழியியல் மாணவன் ஓஸ்மோ, தாம்பரே நகர மாணவர் விடுதிச் சமையலறையில் கம்பு ரொட்டியைக் கடித்தபடி அறிவித்தான்.

தமிழில் ‘தானே’ குழைகிற மாதிரி அங்கே ‘ஹான்’ குழையும். முதுகெலும்பில்லாதவன் ஊன்றுகிற கைத்தடி அது என்பது ஓஸ்மோவின் தீர்ப்பு. ஒரு மாதமாக அவன் அதைத் தொடவில்லை. அவன் ரொட்டி கேட்பதே அதட்டல் மாதிரி இருந்ததால், ரொட்டிக்கடைக்காரி அவனைக் கண்டாலே உள்ளே போய்விடுவாள்.

“இன்னிக்கு சனிக்கிழமைதானே,” என்றான் அறைத்தோழன் தனேலி, துண்டை மடித்தபடி.

“சனிக்கிழமைன்னா சனிக்கிழமை. அதுக்கு ஏன்டா வாலாட்டுற?”

தனேலி சிரித்துவிட்டு, கீழ்த்தளத்து நீராவிக் குளியலறையான சவுனாவின் சாவியை எடுத்தான். இன்றைய மாலை முறை அவனுடையது. அப்போதுதான் ஓஸ்மோவுக்கு உறைத்தது. சற்று நேரத்தில் அப்பா பேருந்தில் வந்து இறங்குவார். சனிக்கிழமை வெந்நீராவியில் உட்காராத மகனை அவர் மகனாகவே மதிக்கமாட்டார். ஓஸ்மோவோ முறைக்குப் பெயர் கொடுக்க மறந்திருந்தான்.

“சாவியக் குடு. அப்பா வர்றாரு.”

“என்னடா, பட்டாளத்து உத்தரவா? போடா.”

தனேலி கதவைத் தாண்டிவிட்டான். ஓஸ்மோ பின்னாலேயே ஓடினான். தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டான்.

“தனேலி... எங்கப்பாவ உனக்குத் தெரியும்தானே,” என்றான் மெதுவாக. “சவுனா பெஞ்சுல மூணு பேருக்கு இடம் இருக்குதானே.”