கீரை நின்ற பிறகு

அம்புரோஸுக்குப் போன வருடம் இருதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க எத்தனை மாத்திரை என்பதை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போட்டுச் சொல்லும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ரத்தம் கெட்டிப்படுவதாகச் சொல்லி அது மாத்திரையைக் கூட்டியது.

“சாப்பாட்டுல மாத்தம் உண்டாக்கா?” நர்ஸ் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள் மனைவி பிலோமினா. மீனை விலக்கி முருங்கைக்கீரை ஆக்குவது வருடாவருடம் நடப்பதுதானே. அதைப் போய் மாற்றம் என்று யார் சொல்வார்கள்?

ஈஸ்டரோடு கீரை நின்றது. கூட்டிய மாத்திரை நிற்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்து, இப்போது நினைவில்லாமல் கிடக்கிறார்.

“கீரைதாம்மா ரத்தத்தக் கெட்டியாக்கியிருக்கு. அத நிறுத்துனதும் அந்த டோஸ் அதிகமாயிட்டு. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா” என்றார் டாக்டர்.

இந்த வருடம் ஒருநாள்கூடத் தவறாமல் பிலோமினா கீரை ஆக்கியது, அவர் உயிருக்காக மாதாவிடம் நேர்ந்துகொண்டுதான்.