சதவீதக் குறி போட்ட வரி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இருக்கைக்காரி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சொன்னது. கதைக்காக அவள் பெயரைக் காளீஸ்வரி என்று மாற்றிவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான்.

% கரிசல் மண் வெடித்துக் கிடந்த சித்திரை மாதத்தில்...

(வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதையெல்லாம் இப்படித்தான் வெடிக்கிறது.)

2
காளீஸ்வரியின் முனைவர் பட்ட ஆய்வு, நரிக்குடிப் பக்கத்துப் புஞ்சைகளின் பெயர்களைப் பற்றியது. ஆய்வேட்டுக்கு டெம்ப்ளேட் வேண்டுமே? ஓரம், எழுத்தளவு, பக்க எண் எல்லாம் முன்பே அமைத்து வைத்த கோப்பு அது. நாம் எழுத்தைக் கொட்டினால் போதும். அதே பேராசிரியரிடம் முன்பு ஆய்வு செய்த சுஜிதா, தனக்கு முன்னால் அவரிடம் இருந்த பொன்ராஜிடம் வாங்கிய தன் கோப்பைக் கொடுத்தாள். அதில் ஒரு வரியின் தலையில் % போட்டால், அந்த வரி கோப்பில் கிடக்கும், தாளில் அச்சாகாது.

நன்றியுரைப் பக்கம் இப்படி இருந்தது:

தந்தையைப்போல் வழிநடத்திய பேராசிரியருக்கு நன்றி.
% என் மூன்றாம் அத்தியாயத்தை அவர் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். — பொன்ராஜ்
% என்னுடையதையும். — சுஜிதா

காளீஸ்வரி அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் படித்தாள். வெயிலில் நடந்து நடந்து அவள் சேர்த்த இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்தான் அவளுடைய மூன்றாம் அத்தியாயம். இரண்டு மாதம் முன்பே பேராசிரியர் அதைக் கேட்டு வாங்கியிருந்தார்.

3
% பேராசிரியர் கெட்டவர்.

(அவ்வளவு எளிதில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். கதைக்கு இது இடைஞ்சல், இருக்கட்டும்.)

காரியாபட்டியில் இருக்கும் சுஜிதாவுக்கு போன் போட்டாள்.

“அக்கா, நன்றியுரைக்குக் கீழ கெடக்கே, அத அழிக்க மறந்துட்டீகளா?”

“மறக்கலடி. உனக்காகத்தான் விட்டு வச்சேன்.”

“வாயால சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ சார்ட்டயே போயிக் கேட்டுருவ. அப்புறம் உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடுவாகளா? எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.”

அன்றே தேடினாள். அவள் அத்தியாயம் ஓர் ஆய்விதழில் வந்திருந்தது, பேராசிரியர் பெயரில். கடைசிப் பெயர் ‘கோவக்காரிப் பிஞ்சை’. அப்பாவிடம் கோபித்துக்கொண்டு அவள் அம்மா ஒருநாள் முழுக்கப் போய் உட்கார்ந்திருந்த புஞ்சைக் காடு. அந்தப் பெயர் அவர்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதையும் தாம் களத்தில் கண்டறிந்ததாக எழுதியிருந்தார்.

4
முடிவு ஒன்று: கையெழுத்து வாங்கிய பிறகு கேட்பாள். (பொன்ராஜும் சுஜிதாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.)

முடிவு இரண்டு: தானும் ஒரு வரி சேர்த்து, மூன்று குறிகளையும் எடுத்துவிட்டு அச்சடிப்பாள். பட்டம் போகும். ஐந்து வருடம்

(இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

5
இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயரை மாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை. இறங்கும்போது ஒன்றுதான் கேட்டாள்: “நீங்க எழுதுனா, எம்பேரு வருமா?” நான் சிரித்து மழுப்பினேன். இந்தக் கதையின் கீழ் என் பெயர்தான் இருக்கப்போகிறது.

நாளைக்குக் கையெழுத்து நாள். பஸ்ஸில் அவள் எனக்குக் காட்டிய வரியை அப்படியே தருகிறேன். பெயரை மட்டும் நான் அழித்திருக்கிறேன். குறியை எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்குச் சொல்லும் யோக்கியதை இல்லை.

% என்னுடையதையும். —