சும்மா வயல்

1

இந்தக் கதை என் மனைவியின் சிரிப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று மாலை வயலிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியில் சரிந்தாள். சிரித்துக்கொண்டே, "போச்சு, எல்லாம் போச்சு" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆபத்து அவளுடைய நாலு வருட உழைப்புக்குத்தானே, எனக்கென்ன? எனக்குக் கதை கிடைத்துவிட்டது. தலை கால் புரியாமல் ஓடிவந்து மேசை முன்னால் உட்கார்ந்தேன்.

எழுத்தாளனை மட்டும் கட்டிக்கொள்ளாதீர்கள் என்று அவள் தோழிகளிடம் சொல்வது இதனால்தான்.

ஒரு நிபந்தனையோடு எழுத விட்டிருக்கிறாள். பக்கம் பக்கமாக அவளிடம் காட்ட வேண்டும். அவள் பென்சிலால் எழுதுவதை நான் அழிக்கக் கூடாது. சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் பென்சில்.

[செருப்பைக் கழற்றிட்டுத்தான் வந்தேன்.]

2

தொடக்கம் ஒன்று: "அறுவடை முடிந்த வயலின் மேல் அந்திச் சூரியன் தன் செந்நிறக் கரங்களை நீட்டி, ஏதோ ஒரு —"

[அந்த நேரத்துல சூரியன் மலைக்குப் பின்னாடி போயிருக்கும்.]

போய்த் தொலையட்டும். தொடக்கம் இரண்டு: "வெப்ப மண்டல நாடுகளின் சிறு விவசாயிகள், பயிரோடு மரத்தையும் சேர்த்து வளர்ப்பதன் வாயிலாக மண்வளம், தீவனம், விறகு ஆகியவற்றில் நிலைத்த பயன் —" இது அவளுடைய அறிக்கையிலிருந்து சுட்டது. எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

[எனக்கு வரல.]

தொடக்கம் மூன்று: ஒரு வீட்டுக்கு இரண்டு மருமகள்கள்.

ஆ! இது போதும். இரண்டு மருமகள்கள் என்று எழுதிவிட்டால் அப்புறம் எழுத்தாளன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். கதை தன்பாட்டுக்கு நடக்கும்.

3

ஒரு வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். பாகம் பிரித்தபோது ஒரே நிலம் நடுவில் ஒரு வரப்போடு இரண்டாயிற்று. அதே மண், அதே சரிவு, அதே மழை. என் மனைவிக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். மற்றவர்கள் கல்யாண மண்டபத்தைப் பார்ப்பதுபோல் அவள் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வயல்களைப் பார்ப்பாள்.

அவளுடைய வேலை இதுதான். ஒரு வயலில் மக்காச்சோளத்துக்கு நடுவே வரிசை வரிசையாக மரம். கிளையைக் கழித்துக் கழித்துத் தழையை மண்ணில் பரப்ப வேண்டும். மண் தேறும், ஆட்டுக்குத் தீனி ஆகும், மிச்சம் விறகு. மரத்தின் பெயர் கிளைரிசிடியா. வாயில் நுழையாத அந்தப் பெயரை இரண்டு மருமகள்களும் சேர்ந்து கிளிமரம் ஆக்கிவிட்டார்கள். (அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.*) பக்கத்து வயலில் அதே விதை, அதே நாளில் விதைப்பு, ஆனால் மரம் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மரம் என்ன செய்தது என்று தெரியும். மரமில்லாத வயலுக்கு அலுவலகத்தில் ஒப்பீட்டு நிலம் என்று பெயர். இளையவள் வைத்த பெயர் சும்மா வயல்.

யார் வயலில் மரம்? ஆராய்ச்சியாளர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாதாம். இரண்டு சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கினாள். இளையவள் முந்திக்கொண்டு கையை விட்டாள். வந்தது 'மரம் இல்லை'.

அன்றிலிருந்து அந்தக் கையை அவள் மன்னிக்கவில்லை.

* [தப்பு. மாமியாரைப் பத்திப் பேசுறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க.]

4

இப்போது நேற்றைய மாலை. அறுவடை முடிந்து சோளத்தட்டை வெட்டியாகிவிட்டது. ஆளுயரப் பயிர் இதுவரை மறைத்துவைத்திருந்ததை வெறும் நிலம் போட்டு உடைத்தது. சும்மா வயலின் நடுவில் குச்சிகள். குச்சிகளில் இலைகள்.

"இது என்னம்மா?" என்றாள் என் மனைவி.

"குச்சி, மேடம்" என்றாள் இளையவள்.

"குச்சியில இலை இருக்கே?"

"ஆமா, நானும் பார்த்தேன். நான் மரமெல்லாம் நடல மேடம். அவரைக்கொடி ஏறட்டும்னு குச்சிதான் ஊனி வச்சேன். அதுவா துளிர்த்தா நான் என்ன பண்ணுவேன்?"

"சரி, அவரை எங்க?"

"இனிமேதான் போடணும்."

என் மனைவி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். முதல் குச்சிக்குப் பின்னால் மற்ற எல்லாக் குச்சிகளும் ஒளிந்துகொண்டன. அவ்வளவு நேர்க்கோடு. "அவரைக்கு எதுக்கும்மா கயிறு பிடிச்சு ஊனுன?"

"அக்கா வயல்ல நீங்க அப்படித்தானே நட்டீங்க. பார்க்க அழகா இருந்துச்சு."

பழி தன் பக்கம் திரும்புகிறதென்று வரப்பின்மேல் நின்ற மூத்தவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "கழிச்ச கிளையில நாலு குடுக்கான்னு கேட்டா மேடம். இல்லேன்னா கஞ்சப்பிசினாறின்னு சொல்லிட்டுத் திரிவா. எனக்குத்தான் நெறைய இருக்கே, எடுத்துக்கடின்னு சொல்லிட்டேன். கிளிமரம் குச்சியிலேயே வேர் விடும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தது இவள்தான். படம் போட்டு, பாடம் எடுத்து, இரண்டு பேரையும் நட்டுப் பழகச் சொன்னதும் இவள்தான். ஒப்பீட்டு நிலத்துக்காரியைப் பயிற்சிக்குக் கூப்பிடாவிட்டால் மனசு கஷ்டப்படுவாளே என்று கூப்பிட்டிருக்கிறாள்!

கூடத்தில் வெடித்த சிரிப்புக்கு விதை அங்கேதான் விழுந்தது.

5

சிரிக்காத பகுதியையும் எழுதித்தான் ஆக வேண்டும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

என் மனைவிக்கு மறைக்கத் தெரியாது. வயலில் நின்றபடியே மதிப்பீட்டாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இந்த ஆய்வு தொடரலாமா என்று முடிவு செய்பவர் அவர். நாளை காலை வருகிறார். "நான் வர்றதுக்குள்ள பிடுங்கிட்டீங்கன்னா ஒரு மகசூல் தள்ளிப்போகும், அவ்வளவுதான்" என்றாராம். "விட்டு வச்சீங்கன்னா ஒப்பீடே இல்ல. ஆய்வை அதோட முடிச்சுக்க வேண்டியதுதான்." ஆய்வு முடிந்தால், அதோடு சேர்த்து நடத்தும் கிளிமர நாற்றங்காலும் மூடப்படும். மலைக்கு அந்தப் பக்கம் நாற்றுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு குச்சிகூடப் போகாது.

அதை இளையவளிடம் சொல்லி, "பிடுங்கிடலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நாலு வருஷமா வர்றவங்க எல்லாம் அக்கா வயலைப் பார்த்து ஆகான்னு சொல்றாங்க மேடம். அப்புறம் என் வயல் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுறாங்க. உங்க ஆராய்ச்சி ஜெயிக்கணும்னா நான் தோத்துக்கிட்டே இருக்கணும். என் கையாலதான் சீட்டு எடுத்தேன், ஒத்துக்கிட்டேன். ஆனா இன்னும் எத்தனை வருஷம்?"

என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து சிரித்து ஓய்ந்த பிறகு என்னிடம் சொன்னாள்: "மரம் நல்லதுன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? பக்கத்துல மரமில்லாத வயல் ஒண்ணு நின்னாத்தான் நம்புவாங்க. அந்தச் சும்மா வயல்தான் சாட்சியே."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இது கதைக்கு நல்லது, வீட்டுக்கு நல்லதில்லை. கிளை கழிக்கும் பெரிய கத்தரி கூடத்தில் அவள் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுவரோரமாகப் போகிறேன்.

6

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இளையவள் உண்மையிலேயே இப்படியா? ஓரகத்தி வயலைப் பார்த்து வயிறு எரிந்து நட்டாளா, ஆட்டுத் தீனிக்காக நட்டாளா, இல்லை அவள் சத்தியம் செய்வதுபோல் அவரைக்குத்தானா? ஒரு பாத்திரம் ஏன் ஒன்றைச் செய்கிறது என்று தெரியாமல் எழுதக் கூடாது என்று நானே மேடையில் முழங்கியிருக்கிறேன்.

[மூணுக்காகவும்தான். நீ எதையாவது ஒரே காரணத்துக்காகச் செஞ்சிருக்கியா?]

உதாரணமாக, உன்னைக் கல்யாணம் செய்துகொண்டது —

[வயலுக்குத் திரும்பு.]

7

மதிப்பீட்டாளர் நாளை வருகிறார். என் கதை இன்றே முடிய வேண்டும், ஏனென்றால் எனக்குப் பொறுமை கிடையாது. இதோ முடிவுகள், கைவசம் நிறைய இருக்கின்றன.

முதல் முடிவு. விடியற்காலை. கண்ணீர் வழிய ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு குச்சியாக வெட்டுகிறாள். இளையவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவியல் தலை நிமிர்ந்து நிற்கிறது. இதை எழுதும்போது நானே மூக்கை உறிஞ்சினேன்.

[நான் இன்னும் வெட்டல. அதுக்குள்ள அழ வேற விட்டுட்டியா?]

இரண்டாவது முடிவு. மதிப்பீட்டாளர் குச்சிகளைப் பார்க்கிறார். அவர் முகம் மலர்கிறது. "இதைவிட வெற்றி என்ன வேண்டும்! ஒப்பீட்டு நிலமே மரத்தைத் தேடிப் போயிருக்கிறதே!" என்று கூவி, வரப்பில் நின்ற எல்லாரையும், ஒரு ஆட்டையும் சேர்த்துக் கட்டிப்பிடிக்கிறார்.

[அவர் சிரிச்சே நான் பார்த்ததில்ல. ஆட்டைக் கண்டா ரெண்டடி தள்ளி நிப்பார். காதுல பூ சுத்தாத.]

மூன்றாவது முடிவு. மூத்தவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வருகிறாள். "என் மரத்தை வெட்டிக்கங்க மேடம். இனிமே என் வயல் சும்மா இருக்கட்டும். தங்கச்சி வயல் செழிக்கட்டும்."

இதைப் படித்தபோது அவளுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்ட வேண்டியிருந்தது. காகிதத்தில் கறை இருக்கிறது, அச்சில் தெரியாது.

[மூத்தவங்களா? மூத்தவங்களா!! தன் வயல்ல விழுந்த இலை காத்துல வரப்பு தாண்டினாக்கூடத் துரத்திட்டுப் போய் எடுத்துட்டு வருவாங்க.]

நான்காவது முடிவு. மரங்கள் தாமாகவே வேரைப் பிடுங்கிக்கொண்டு மலையைத் தாண்டி —

வேண்டாம்.

8

அவளுடைய தொழிலிலிருந்தே ஒரு யுக்தியைத் திருடிக்கொள்கிறேன். நான் நட்ட முடிவுகளால் இந்தக் கதைக்கு ஏதாவது நன்மை உண்டா என்று எப்படித் தெரியும்? பக்கத்திலேயே முடிவு நடாத ஓர் இடம் வேண்டும். ஆகவே கீழே கொஞ்சம் நிலத்தை வெறுமையாக விடுகிறேன். இங்கே நானும் எதுவும் எழுத மாட்டேன், நீங்களும் எழுதக் கூடாது. சும்மா கிடக்கட்டும்.

[

|

]

9

மேலே நிற்கும் அந்தக் கோட்டை நான் போடவில்லை.

வெற்றிடத்தை விட்டுவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, இன்னொரு தேநீர் போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நடுவில் பென்சில் கோடு ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஒப்பீட்டு நிலத்தில் ஒரு புல் முளைத்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடுங்கும் என் மனைவி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னது இது? யாரும் எதுவும் எழுதக் கூடாதுன்னு போட்டிருக்கேன்ல?"

"நான் எங்க எழுதுனேன்?" என்றாள். "குச்சிதான் ஊனி வச்சேன்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கத்தரி பையில் இல்லை. கதவுக்குப் பின்னால் அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ நாலு வருஷம்?" என்றேன்.

"நாலு வருஷம் எங்கயும் போகல. அஞ்சாவதுதான் இல்ல." காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. அவரு நாளைக்கு மூடச் சொன்னா மூடட்டும். மலைக்கு அந்தப் பக்கம் நானே போறேன். இளையவளையும் கூட்டிட்டுப் போறேன். நாலு வருஷம் பக்கத்துலயே நின்னு தோத்தவ சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"நம்புவாங்களா?"

"யாருக்குத் தெரியும்?" என்று மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "போறப்ப ஒரு கட்டுக் குச்சி எடுத்துட்டுப் போவோம். கேட்டா அவரைக்குன்னு சொல்லிக்கலாம்!"

நாளை மதிப்பீட்டாளர் வரப்பில் நின்று என்ன சொல்வார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அதற்கான இடத்தைக் கீழே விட்டிருக்கிறேன். அங்கே எதுவும் நடக் கூடாது என்பதுதான் விதி. உங்களைப் பார்த்தால் விதியை மதிப்பவராகத்தான் தெரிகிறது. ஆனாலும் நான் தேநீரை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

[

]