சீதனத்தில் ஒரு பந்தயக் கார்

என் வளவுக் கொட்டிலில் பத்து வருடமாக ஒரு கார் நின்றது. கார் என்றதும் நீங்கள் நினைக்கிற கார் இல்லை. கூரை கிடையாது. பின் ஆசனம் கிடையாது. கதவு என்ற பெயரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தகடு. மலைநாட்டில் பந்தயம் ஓடுவதற்கென்றே செய்த சாமான். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, ஐம்பத்தாறாம் ஆண்டு, என் புருஷன் வின்சன்ற் அதை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிவந்தார். மட்டக்களப்பில் ஏறுவதற்கு மலை எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டேன். எங்களுக்கு இருக்கிற மேடு கல்லடிப் பாலம் ஒன்றுதான்.

அடுத்த வருடமே ஒரு டாக்குத்தர் இரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். வின்சன்ற் சிரித்தார். பிறகு வந்தவர் எண்ணூறு என்றார். பழைய லொறியும் நெல்லும் வாங்கி விற்கிற ஓட்டமாவடிப் பாறூக், காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு இரும்பு விலை சொன்னார். இடையில் அரசாங்கம் வெளிநாட்டுக் கார் வருவதை நிறுத்தியதில், ஊரில் கோழி அடைகாத்துக் கிடந்த கார்களுக்குக்கூட விலை ஏறியது. எங்களுடையது மட்டும் இறங்கிக்கொண்டே போனது. இறங்காமல் என்ன செய்யும்? அதில் குடும்பமாகப் பூசைக்குப் போக முடியாது. ஒரு மூட்டை நெல் ஏற்ற முடியாது. மழை வந்தால் ஒரு கையில் குடை வேண்டும்.

வின்சன்றுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை.

"இப்ப இறங்கும் பீற்றிஸ். இறங்கி இறங்கி ஒரு இடத்தில நிக்கும். பிறகு பார். மொத்தமே நாப்பது கார்தான் செய்தவங்க. அரைவாசி பந்தயத்தில உடைஞ்சு போச்சு. மிச்சம் குறையக் குறைய ஆக்கள் தேடித் திரிவாங்க."

"எப்ப?"

"முப்பது நாப்பது வருசத்தில."

"அப்ப நான் சேமக்காலைக் குழிக்குள்ள கிடப்பன்" என்று எழும்பிப் போய்விடுவேன். ஒரு நாளாவது அவர் கதையை முழுதாகக் கேட்டதில்லை.

அறுபத்தாறில் மூத்தவள் இமெல்டாவுக்குக் கல்யாணம் பேசினோம். மாப்பிள்ளையின் தகப்பன் மரக்காலை வைத்துப் பலகை விற்கிற பிலிப்பு. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். கிணற்றடியில் எனக்கும் வின்சன்றுக்கும் இரண்டு அறை கட்டியாகிவிட்டது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் பிலிப்பு வீட்டோடு நிற்கவில்லை. மண்டூர் வட்டையில் என் தாய்வழியாக வந்த மூன்று ஏக்கர் வயலும் வேண்டும் என்றார். அந்த வயல் இளையவள் மக்டலினுக்கென்று வைத்தது. அது போனால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் சட்டி பானைதான் மிச்சம். இமெல்டாவோ அந்தப் பெடியனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். மூன்றாம் நாள் கொட்டில் கண்ணில் பட்டது.

பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போனேன்.

"பாறூக், வாற ஞாயிறு பின்னேரம் நீங்க வந்து எங்கட காரை விலைக்குக் கேக்கணும்."

"இரும்பு விலைக்குத்தானே?"

"விசர்க் கதை கதையாதீங்க. ஐயாயிரத்தில தொடங்கி ஆறில நிப்பாட்டுங்க."

அந்தப் போகத்து நெல்லை அவருக்கே விற்பதாகச் சொன்னதும் பாறூக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து வின்சன்றிடம், "ஞாயிற்றுக்கிழமை பிலிப்பு அண்ணர் வாறார். காரைப் பத்தி அவருக்கு வடிவாச் சொல்லுங்க. நானும் கேக்கணும்" என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு போய் காரைக் கழுவத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வின்சன்ற் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். எந்த மேட்டில் எந்த வருடம் ஓடியது, பக்கத்துத் தகட்டில் இருக்கிற நசுங்கல் எந்த வளைவில் விழுந்தது, அதை ஏன் தட்டி நிமிர்த்தக் கூடாது, எல்லாம் வந்தது. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு தலையாட்டினேன். "அப்பிடியா?" என்றேன். "பிறகு?" என்றேன். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

சொன்ன நேரத்துக்குப் பாறூக் வந்தார். காரின் மூக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"ஐயாயிரம், வின்சன்ற் அண்ணன்."

"இல்ல."

"ஏழு."

ஏழுக்குப் போகச் சொல்லி நான் சொல்லவில்லை.

"சரி, ஒன்பதாயிரம்! இதுக்கு மேல என்னக் கொல்லாதீங்க!"

"விக்கிற எண்ணமில்ல பாறூக்" என்றார் வின்சன்ற். நாங்கள் மூன்று பேரும் ஆடிய ஆட்டத்தில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பிலிப்புவின் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பாறூக் படலையைத் தாண்டியதும் பிலிப்பு என்னிடம் குனிந்தார். "தங்கச்சி, வயல் உங்களுக்கே இரிக்கட்டும். பிள்ளைக்கு வீட்டோட இந்தக் காரை எழுதிருங்க."

"ஐயோ அண்ணன், அது அவர்ர உயிர்!" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். ஒரு கிழமை பிகு பண்ணிவிட்டு ஒத்துக்கொண்டேன்.

நொத்தாரிசு கந்தோரில் வீடும் காரும் இமெல்டா பெயருக்கு எழுதப்பட்டன. வின்சன்ற் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் சண்டைக்கு வருவார் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். கார் எங்கே போகிறது, மாப்பிள்ளை எங்கள் வளவுக்குத்தானே வருகிறார், அதே கொட்டிலில்தானே நிற்கும் என்று சொல்வதாக இருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. வாவிக்கரையால் நடந்துகொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"பீற்றிஸ், அண்டைக்கு நான் சொன்னதெல்லாம் நீ நம்பினியா?"

பிலிப்புவிடம் அவ்வளவு புளுகியபோது உறுத்தாத நெஞ்சு இப்போது உறுத்தியது. பத்து வருடத்தில் ஒரு தரம் காது கொடுத்தேன், அதுவும் வயலுக்காக. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஓம். நம்பினன்" என்றேன்.

வின்சன்ற் சிரித்தார். "பாறூக் சனிக்கிழமையே என்னட்ட வந்து எல்லாம் சொல்லிப்போட்டான். எவ்வளவு மட்டும் ஏத்தலாம் எண்டு கேட்டான். ஒன்பது எண்டு சொன்னது நான்தான்."

நான் நடுறோட்டில் நின்றுவிட்டேன். வந்த சைக்கிள்காரன் மணியடித்து ஏசிவிட்டுப் போனான்.

"எல்லாம் தெரிஞ்சிருந்துமா ஒண்டரை மணித்தியாலம் கதைச்சீங்க? பிலிப்பு அண்ணர் அரை மணித்தியாலத்திலயே மடங்கிட்டாரே!"

"பொய்க்கெண்டாலும் நீ இருந்து கேட்டியே புள்ள" என்றார். "அதை எப்பிடி நான் கெதியா முடிக்கிற?"