பலகைக்காரன் முகம்

முச்சந்தியில் கார்க் கடன் விளம்பரப் பலகை ஏறிய வாரத்தில், பல் செட் செய்கிறவர் வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்தபோது, அவர் முகம் இருந்த இடத்தில் விளம்பரத்தில் இருந்தவனின் முகம் இருந்தது. அந்தப் பலகையைப் பார்க்காதவர் தெருவில் இல்லை. கொட்டும் மழையில் ஒரு நடுவயதுக்காரன் சைக்கிள் மிதிக்கிறான். முன்வழுக்கை, ஒட்டிய கன்னம், உலகத்திடம் மன்னிப்புக் கேட்கிற பார்வை, இறுக்கி மூடிய வாய். கீழே, 'இவர் இன்னும் சைக்கிளில்தான் போகிறார்' என்று ஒரே வரி. பல் செட்காரருக்கோ தலைநிறைய முடி, பன் மாதிரிக் கன்னம். வசதியில்லாமல் சைக்கிளில் போகிறார் என்றும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுப் பக்கவாட்டில் உறை போட்டு ஒரு கார் நிற்கிறது. அது நிஜமாகவே கார்தானா என்று உறையைத் தூக்கிப் பார்த்தவர்கள் உண்டு.

கதவைத் திறந்த மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் உட்காருகிறவர். அடையாளம் பார்க்காமல் யாருக்கும் எதையும் கொடுத்துப் பழகாதவர். "யாரு வேணும்?" என்றார். "என்னடி கேள்வி இது? நகரு, கால் கடுக்குது" என்றது அந்த முகம். குரல் சரிதான். ஆனால் குரலை நம்பிப் பார்சல் கொடுப்பதில்லை. "வாயைத் திறங்க" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே, கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில், கணவர் தனக்குத்தானே செய்து மாட்டிக்கொண்ட வெள்ளி உறை மின்னியது. பலகைக்காரன் வாயை மூடிக்கொண்டு இருந்ததால், வாய்க்குள் கைவைக்க விளம்பரத்தால் முடிந்திருக்கவில்லை. சாப்பிட்டு எழுவதற்குள், கண்ணாடியில் படிந்த ஆவி விலகுவது போல அந்த முகம் விலகிவிட்டது.

மறுநாளிலிருந்து இறைச்சிக் கடைக்காரர், கணக்கு வாத்தியார், தொப்பையோடு மிதிக்கும் வங்கி மேலாளர் எல்லோரும் அதே முகத்தோடு, வானம் வெளுத்துக் கிடக்கும்போதும் சட்டை சொட்டச் சொட்ட வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள் அவர்களுடையது என்று பலகையும் ஒத்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா கதைதான் வேறு. பலகையில் பெண்ணே இல்லாததால், சைக்கிளில் ஏறியதும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனார். மணிச் சத்தம் மட்டும் போகும், "ஓரமாப் போங்கய்யா!" என்ற அதட்டலும் போகும். பயந்தவர்களைவிட, அவர் எங்கே இறங்குகிறார் என்று காத்திருந்து பார்த்தவர்களே அதிகம். வாசலில் வாயைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்குள் போவது தெருவுக்கே வழக்கமாயிற்று. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் பக்கத்து வீட்டில் நுழைந்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் யாரோ டார்ச் அடித்தார்கள். அங்கே சமையல் நன்றாக இருந்தது என்று சொன்னதற்கு, சொந்த வீட்டில் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முகம் விலக எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடிக்கொண்டே போனது. முதலில் சாப்பாடு வரை, பிறகு படுக்கும் வரை, அப்புறம் விடிந்தும் தலையணையில் அதுவே கிடந்தது. தபால்காரம்மாவுக்குக் கணவர் முகம் மெல்ல மறக்கத் தொடங்கியது. "பஸ்ல போங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். "நான் என்னடி தப்புப் பண்ணேன்? சும்மா சைக்கிள்ல போறேன். பொம்மைக்குப் பயந்து பஸ் ஏறச் சொல்றியா?" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதைச் சொன்ன முகம்தான் அவருடையதாக இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் பலகையை மாற்றினார்கள். இப்போது ஏதோ சத்துமாவு விளம்பரம். அதே ஆள், அதே சைக்கிள், இரண்டு காலையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். 'வளர மறந்தவர்' என்று எழுதியிருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அழுகிற விஷயம் சொன்னாலும் சிரிப்பு மாறவில்லை. பல் செட்காரர் வாயைத் திறந்தபோது உள்ளே ஒரே அளவில் வெள்ளைப் பற்கள். வெள்ளி உறை இல்லை. தபால்காரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே விட்டார்தான், ஆனால் அன்றிலிருந்து கூடத்தில் தனியாகப் படுத்தார்.

பிறகு ஒருநாள் அரைநாள் லீவு போட்டு விளம்பர ஆபீசுக்கே போனார். அங்கே இருந்த மேனேஜர் தம்பி மரியாதையான பையன். "நாங்க யாரையும் குறிப்பிட்டுப் போடலையேம்மா. சைக்கிள்ல போற பெரியவங்க இப்படித்தான் இருப்பாங்க."

"யாராவது ஒருத்தர் அப்படி இருந்து நீ பாத்திருக்கியா?"

தம்பி ஜன்னல் திரையை விலக்கினான். கீழே ஒரே சிரிப்போடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். "எல்லாருமே அப்படித்தானேம்மா இருக்காங்க."

தபால்காரம்மா அசரவில்லை. "அந்த ஆளை எடு. எடுக்கிற வரைக்கும் இங்கேயேதான் உட்காருவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பலகையை எடு என்று சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் ஆளை எடு என்றுதான் வாயில் வந்தது. தம்பியும் அம்மா சொன்னதை அப்படியே செய்தான். மறுநாள் பலகையில் வெயிலடிக்கும் சாலை இருந்தது, சைக்கிள் இருந்தது, அதன்மேல் யாரும் இல்லை.

அன்று மாலை தெருவில் சைக்கிள்கள் மட்டும் திரும்பி வந்தன. பெடல்கள் தாமாகச் சுற்றின, வளைவில் மணி அடித்தது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொன்று நின்று ஸ்டாண்டு போட்டுக்கொண்டது. நர்ஸம்மாவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "வாங்க, வாங்க" என்றார், அவ்வளவுதான். தபால்காரம்மா கதவைத் திறந்தபோது வெறும் படிதான் தெரிந்தது. "நான்தான்" என்றது குரல். அவர் கையை நீட்டினார். விரலில் கன்னம் தட்டுப்பட்டது, பன் மாதிரிக் கன்னம். மேலே போனால் கற்றை முடி. வலப்பக்கம் லேசாகக் கோணிய மூக்கு. சிரிப்பு எதுவும் இல்லாத, களைத்துப்போன, அவருக்கே சொந்தமான உதடு. இரண்டு கையாலும் அந்த முகத்தை முழுசாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்று மட்டும் சொன்னார். அன்று கூடத்தில் பாய் விரிக்கவில்லை என்பதைத் தெருவே அறியும்.

ஆள் இருந்தபோது சைக்கிளுக்கு ஒருநாளும் ஒதுங்காத கார்காரர்கள், காலி சைக்கிள் வந்தால் பிரேக் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போகட்டும் என்று நிற்கிறார்கள். சாயங்காலமானால் வாசலுக்கு வாசல் ஒரு கை காற்றில் நீள்கிறது, எதையோ தடவித் தெரிந்துகொள்கிறது, நகர்ந்து வழி விடுகிறது. பிறகு கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.