தம்பியின் ஏர் ஃபில்டர்

ஏழு மாதமாக நின்ற இடத்தை விட்டு அசையாத காரின் ஏர் ஃபில்டர், புழுதிப் புயலைத் தாண்டி வந்ததுபோல அடைத்துக் கிடந்தது. தம்பி நுரையீரல் கெட்டுப் படுத்த நாளிலிருந்து அவனுடைய கார் ஷெட்டிலேயே நின்றது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று அக்காதான் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவாள். தெருமுனையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக் அவள். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூசி சேரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய காகித ஃபில்டரை வீசிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால், பத்து நாளாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே விழித்திருந்த தம்பி, தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுதான் முதலில் நினைத்தாள். மூன்றாம் முறையும் காக்காய் உட்கார்ந்து, மூன்றாம் முறையும் பழம் விழுந்தபோது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரிடம் சொல்வது? சொன்னால் தம்பியை விட்டுவிட்டு அவளுக்கல்லவா வைத்தியம் பார்ப்பார்கள்!

ஃபில்டர் வாரத்துக்கு ஒன்று, மூன்று நாளுக்கு ஒன்று என்று அடைக்க ஆரம்பித்தது. ஒருநாள், காலையில் போட்டது சாயங்காலமே கறுத்துவிட்டது. உள்ளே தம்பியின் உதடும் அதே நிறத்தில் இருந்தது.

அவன் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி கிடந்தது. நோய் வருவதற்கு முன் ஆசை ஆசையாக வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த இன்டேக் குழாய். கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைப்பது. குழாய் பம்பருக்குப் பின்னால் கீழே இறங்கி, குளிர்ந்த காற்றை அள்ளி அள்ளி இழுக்கும்.

"அதைப் போட்டு விடேன்க்கா," என்றான் தம்பி, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி. "தினமும் காலையில அந்தச் சத்தத்தைக் கேக்குறேன். பாவம், வண்டி மூச்சு விட முடியாம திணறுது."

இளவட்டங்கள் அந்தக் குழாயோடு வந்தால் அவள் லேசில் விடமாட்டாள். "மேல இருக்குற மூக்கைக் கொண்டுபோய்க் கீழ வைக்கிறியே, மழைத்தண்ணியில எறங்குனா வண்டி குடிச்சிடும்டா. பேசாம புது ஃபில்டர் போட்டுக்கிட்டுப் போ," என்று விரட்டுவாள். ஊருக்குத்தான் உபதேசம். காகித ஃபில்டர் இனி அரை நாளுக்குத்தான் தாங்கும். ஷெட்டில் நிற்கிற வண்டியைத் தேடிக்கொண்டு வெள்ளமா வரப்போகிறது? குழாயையே மாட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தம்பி ஆக்சிஜன் மெஷினைக் கழற்றிவைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி சமையலறை வரை நடந்தான். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பதினெட்டு நாள் அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் காலையிலிருந்தே விடாத மழை. மதியம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவளுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"கரண்ட் போனதும் உங்கப்பா பயந்துட்டாருடி. மறுபடி மூச்சு முட்டுனா மெஷின் ஓடாதேன்னு, சிலிண்டர் வாங்க தம்பி வண்டியை எடுத்துட்டுப் போனாரு. இங்க இவனுக்கு மூச்சே இல்ல! வாயோரம் தண்ணி வழியுது. சேத்துத் தண்ணி!"

அவள் பிளக் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினாள். வீட்டுக்கு அல்ல, பாலத்துக்கு. அந்தத் தெருக்களில் மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் அது ஒன்றுதான்.

பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் கார் நின்றிருந்தது. "ஒரு விக்கல் விக்குச்சு, நின்னுடுச்சு," என்றார் அப்பா. "நீ ஏம்மா இங்க வந்த? வீட்டுக்குப் போ!"

"பானட்டைத் திறங்கப்பா!"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அதைச் சொன்னவனுக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான். முதலில் அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். என்ஜினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினாள். அப்பா சாவியைத் திருப்பியதும், நான்கு ஓட்டைகளிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. உமிழ்நீரைப்போல வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவைப்பா!"

மூன்றாம் முறை வெறும் காற்றுதான் வந்தது. அணைக்காமல் சட்டைப்பையில் கிடந்த போனில் அம்மா அலறினாள். "இருமிட்டான்! தண்ணியாக் கக்குறான். கண்ணைத் திறந்துட்டான்டி!" அவள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து குழந்தைமாதிரி அழுதாள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, பழைய ஃபில்டர் பெட்டியையே மறுபடி வைத்து, புதுக் காகித ஃபில்டர் போட்டாள். ஸ்டார்ட் ஆனது. கூடவே அடியிலிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக்... தண்ணீர் குடித்ததில் என்ஜினுக்குள் ஒரு ராடு வளைந்திருக்கிறது. பிரித்து மாற்றாவிட்டால் என்றைக்காவது அது உடைந்து என்ஜினையே பிளந்துவிடும். சாவியைத் திருப்பி நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அவன் நெஞ்சுக்குள் டக்கென்றது. வண்டியைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"உள்ள வளைஞ்சிருக்கு, இல்லக்கா?" என்றான். "பிரிச்சு மாட்ட எத்தனை நாளாகும்?"

வாடிக்கையாளர்கள் தினமும் கேட்கிற கேள்விதான். மூன்று நாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று நாள் என்ஜின் பிரிந்து கிடந்தால் இவன் எதை வைத்து மூச்சு விடுவான்? அவன் நெஞ்சின்மேல் காதை வைத்து, அடுத்த டக் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.