அம்புக்குறி ஒட்டிய புத்தகம்

விஜயராணியின் கண்ணை ஏமாற்றிவிட்டு ஒரு பனியன் கப்பல் ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. அனுப்பர்பாளையம் பக்கம் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், செக்கிங் பிரிவில் மட்டும் பன்னிரண்டு பெண்கள். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி போட்ட துளை என்று குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. குற்றம் இருக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் திரும்பத் தையலுக்கே போய்விடும். பதினோரு வருடமாக விஜயராணி அம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தையல்காரர்கள் அவளை நேரில் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பது நமக்கு வேண்டாம்.

வீட்டிலும் அதே கண்தான். லைன் வீட்டில் ஒற்றை அறை, ஒற்றை டியூப்லைட். ஓர் ஓரத்தில் கணவன் இசக்கிமுத்து, மறு ஓரத்தில் விஜயராணி, நடுவில் நான்காம் வகுப்பு படிக்கும் மகள் அபிராமி என்று மூன்று பேரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். இசக்கிமுத்து அயர்ன் மாஸ்டர். நாளெல்லாம் நின்றபடியே பனியன் தேய்த்துவிட்டு வருகிறவன், தலையணையில் தலை படுவதற்குள் குறட்டையை ஆரம்பித்துவிடுவான். அபிராமிக்கு அப்படி இல்லை. விஜயராணி ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ஒன்பது மணிக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் மல்லாந்து படுத்து ஒரு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பாள்.

“ஏட்டி, படுத்துக்கிட்டுப் படிக்காதன்னு எத்தன தடவ சொல்லுதது? கண்ணு போயிரும். கண்ணு போனா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?”

அது வெறும் அதட்டல் இல்லை, பயம். போன வருடம் பக்கத்து மேஜை வெள்ளையம்மாளுக்குப் பார்வை மங்கி, அவளை நூல் பிசிர் வெட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு வெள்ளையம்மாள் அழுத அழுகை விஜயராணியின் வயிற்றில் இன்னும் கிடக்கிறது.

அபிராமி லேசுப்பட்டவள் இல்லை. அப்பா அம்மா பேசுவது தென்காசித் தமிழ் என்றாலும் அவள் பிறந்து வளர்ந்தது திருப்பூர். காரியம் ஆக வேண்டுமென்றால் சட்டென்று கொங்குத் தமிழுக்கு மாறிவிடுவாள்.

“ஏனுங்ம்மா, அரை மணி நேரந்தானுங்க. படிச்சுப்போட்டுத் தூங்கிக்கிறனுங்க.”

“அரை நிமிசம் கெடையாது.”

விளக்கு அணையும். மகள் அப்பா பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இருட்டில் அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டு கிடப்பது விஜயராணிக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நாள் முழுக்கப் போய்விட்டு வந்து மகளோடு கிடைப்பதே இந்தக் கொஞ்ச நேரம். அதுவும் தினமும் சண்டையில் போகிறதே என்று நினைப்பாள். நினைத்து முடிப்பதற்குள் தூங்கியும் விடுவாள்.

ஒரு வியாழக்கிழமை இரவு, மகள் கையிலிருந்த புத்தகத்தை வழக்கம்போலப் பிடுங்கினாள். பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகம். பிடுங்கிய வேகத்தில் அது விரிந்துகொண்டது. விரிந்த பக்கத்தின் நடுவில், ஒரு வரிக்குப் பக்கத்தில், சிவப்பாக ஓர் அம்புக்குறி.

விஜயராணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாள்களைத் தள்ளினாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஏழு. எல்லாம் அச்சு அசல் செக்கிங் ஸ்டிக்கர்.

“இது டேமேஜ் புக்குட்டி” என்றாள். “ஏழு எடத்துல அம்பு கெடக்கு. யாரோ நம்மள மாதிரி செக்கிங் பண்ணுதவ பாத்து ஒட்டியிருக்கா. இதப் போயிக் கண்ணக் கெடுத்துக்கிட்டுப் படிக்கியா? நாளைக்கே திருப்பிக் குடுத்துரு.”

“ஒரு டேமேஜும் இல்ல. முப்பது பக்கம் படிச்சுட்டேன். எல்லாம் சரியா இருக்கு.”

“நீ பாத்தா போதுமா? அம்பு சும்மா ஒட்டுவாவளா?”

“அப்ப நீயே கண்டுபிடி!” கோபத்தில் அபிராமியின் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. “திங்கக்கெழமை புக்கக் குடுக்கணும். அதுக்குள்ள ஒரே ஒரு தப்பு காட்டு. காட்டிட்டீன்னா நான் படுத்துட்டுப் படிக்கறதயே விட்டுடறேன். காட்டாட்டி தெனமும் அரை மணி நேரம். நீ லைட்ட அணைக்கக் கூடாது.”

குற்றம் கண்டுபிடிக்க விஜயராணியிடமே பந்தயம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகள் நீட்டிய கையில் பட்டென்று அடித்தாள். பந்தயம் ஆகிவிட்டது.

முதல் அம்பு ஆறாம் பக்கத்தில். “யானைக்குட்டி துதிக்கையை நீட்டியது” என்ற வரியை அது காட்டியது. விஜயராணி பக்கத்தை விரலால் தடவினாள். தாளைத் தூக்கி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பார்த்தாள். கறை இல்லை, கிழிசல் இல்லை. அப்படியானால் குற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். படித்துத்தான் ஆக வேண்டும்.

எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்கப்புறம் அவள் படித்ததெல்லாம் சைஸ் லேபிளும் பஸ் போர்டும்தான். மனசுக்குள் படிக்க வராது, வாய்விட்டுத்தான் வரும். உட்கார்ந்து படித்தாள், இடுப்பு வலித்தது. சுவரில் சாய்ந்தாள். பிறகு, வேறு வழியில்லாமல்தான், மகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“எம்மா, படுத்துக்கிட்டுப் படிச்சா கண்ணு போயிருமுங்க” என்றாள் அபிராமி மெதுவாக.

“சும்மா கெட. நான் என்ன கதையா படிக்கேன்? வேல பாக்கேன்.”

வேலை கஷ்டமான வேலையாக இருந்தது. துதிக்கையை நீட்டியது சரி, எதை நோக்கி நீட்டியது? தெரிய வேண்டுமானால் ஐந்தாம் பக்கத்தைப் படிக்க வேண்டும். கரும்பு லாரியை நோக்கி. அந்த லாரி ஏன் காட்டு ரோட்டில் நிற்கிறது? அதற்கு மூன்றாம் பக்கம். கடைசியில் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தாள். யானைக்குட்டி லாரியில் ஏறிக் கரும்பு தின்று, அங்கேயே தூங்கிப்போய், கண் விழிக்கும்போது ஒரு பெரிய ஊரின் நடுவில் நின்றது.

“பச்சப்புள்ள! தாய எங்க?” என்று விஜயராணி புத்தகத்தைக் கேட்டாள்.

“நாளைக்கு” என்றாள் அபிராமி கொட்டாவியோடு. அன்றைக்கு அவள் அப்பா பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் கையைத் தலையணையாக்கிக்கொண்டு தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து அம்புகளைத் தாண்டியாகிவிட்டது. ஒரு குற்றமும் அகப்படவில்லை. வேறொருத்தி கண்டுபிடித்த குற்றங்களில் ஒன்றுகூடத் தன் கண்ணில் படவில்லையே என்று விஜயராணிக்குக் காந்தியது. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை காலை பனியனை விரித்தபோது அவள் மனசில் குற்றம் இல்லை, யானைக்குட்டிதான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்துவிட்டுப் போன லாரிக்காரன் மகள் திரும்பி வந்தாளா, இல்லையா?

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜை சைதுன்னிசாவிடம் புலம்பினாள். சைதுன்னிசா உள்ளூர்க்காரி. அவள் மகள் மெஹ்ஜபினும் அபிராமியின் பள்ளிக்கூடம்தான், ஒரு வகுப்பு மேலே.

“எந்த மூதி ஒட்டினாளோ, கண்ணு தெரியாதவ. ஒண்ணுல கூடக் குத்தம் இல்ல பாத்துக்கிடு!”

சைதுன்னிசா சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தாள். “யானக்குட்டி புக்குங்ளாக்கா?”

“ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?”

“அந்தக் கண்ணு தெரியாதவ நாந்தானுங்.” சைதுன்னிசாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. “எம் புள்ள படுத்துட்டே படிப்பாளுங்க்கா. படிச்சமானக்கே தூங்கிப்போவா. பக்கத்த மடிச்சு வெச்சா டீச்சர் திட்டுதுன்னு அழுதா. சட்டைக் கையில எப்பவும் நாலு ஸ்டிக்கர் ஒட்டிட்டுத்தான ஊட்டுக்குப் போறோம்? அவ தூங்குன எடத்துல ஒண்ணு ஒட்டிப்போடுவேன். ஏழு நாளு, ஏழு அம்பு.”

ஒரு குழந்தை தூங்கிப்போன இடங்களில் இரண்டு ராத்திரியாக விஜயராணி குற்றம் தேடியிருக்கிறாள்.

“படுத்துக்கிட்டுப் படிச்சா கண்ணு கெட்டுப்போவாதா?” என்று மட்டும் கேட்டாள்.

“அப்படிக் கெடற கண்ணுன்னா, நாளெல்லாம் லைட்டுக்குக் கீழ துளை பாக்கறமே, நம்ம கண்ணு எப்பவோ போயிருக்கோணும். நல்ல வெளிச்சம் வெச்சு, எட்டப் புடிச்சுப் படிக்கச் சொன்னாப் போவுது. பயந்தீங்கன்னா ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க. யானக்குட்டியப் பாத்து யாருக்குங்க கண்ணு போச்சு?”

பந்தயம் தோற்றாயிற்று. ஆனால் அன்றிரவு விஜயராணி அதைச் சொல்லவில்லை. சொன்னால் புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட வேண்டுமே! “இன்னும் ரெண்டு அம்பு பாக்கணும்” என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டுப் படுத்தாள். வெளிச்சம் படும்படி தலையணையை மட்டும் மறுபக்கம் மாற்றிப் போட்டாள். மகளையும் இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் படுத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அபிராமிதான் அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தாள். முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை முடித்துவிட்டாளாம். அதிலிருந்தே சத்தம் குறைந்துவிட்டது. விஜயராணி நாற்பத்து நான்காம் பக்கத்தை முடித்தபோது, “போதும்மா, லைட்ட அணைச்சிருவோம்” என்றாள்.

“நீயா சொல்லுத?” என்று சொல்லிக்கொண்டே விஜயராணி எதிர்ப்பக்கத்துக்குப் போனாள்.

பழக்கடைக்குப் பின்னால் ஒளிந்திருந்த யானைக்குட்டி திடீரென்று ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வந்தது? விரல் தானாகவே நின்றது. கீழே பக்க எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தேழு. அடுத்தது நாற்பத்தெட்டு. அதற்கடுத்த தாளில் நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. இரண்டு தாளை மாற்றி வைத்துத் தைத்துவிட்டார்கள்.

அகப்பட்டுவிட்டது! அம்பு ஒட்டாத இடத்தில், சுத்தமான, மறுக்க முடியாத குற்றம். மேஜையில் பெரிய டேமேஜ் சிக்கும்போது துள்ளுவதுபோல அவள் நெஞ்சு துள்ளியது. வெற்றியோடு மகள் பக்கம் திரும்பினாள்.

அபிராமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல் படுத்திருந்தாள். ஊசி போடப் போகிறார்கள் என்றால் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வாள். இமை துடித்துக்கொண்டிருந்தது.

இவளுக்குத் தெரியும், என்று விஜயராணிக்கு விளங்கிவிட்டது. நேற்றிலிருந்தே தெரியும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளையிலிருந்து ஒன்பதரைக்கு விளக்கு அணையும், அந்தச் சின்ன முதுகு திரும்பிக்கொள்ளும்.

ஷிப்மென்ட் அவசரம் என்று மேனேஜரே வந்து கெஞ்சியபோதுகூட ஒரு டேமேஜைக் கண்டும் காணாமல் விட்டதில்லை விஜயராணி. அவள் ஒரு தாளைத் தாண்டிப் புரட்டினாள். நாற்பத்தைந்தையும் நாற்பத்தாறையும் நிதானமாகப் படித்தாள். பின்னால் வந்து நாற்பத்தேழு, நாற்பத்தெட்டைப் படித்தாள். ஒன்றும் நடக்காததுபோல நாற்பத்தொன்பதுக்குப் போனாள்.

ஒரு கண் மட்டும் திறந்தது. “எம்மா, தப்பு ஏதாச்சும் இருக்குங்ளா?”

“ஒண்ணும் இல்லட்டி. நல்ல பீஸு. பாஸ் பண்ணியாச்சு. நான் தோத்துட்டேன்.”

அபிராமி கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். விஜயராணியும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

“அப்ப இந்த அரை மணி நேரம் என்னுதுதான?” அபிராமி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். “நீ படு. மிச்சத்த நான் படிக்கேன்.”

விஜயராணி கண்ணை மூடிக் கேட்டாள். அவளுக்கு இதுவரை யாரும் எதையும் படித்துக் காட்டியதில்லை. மகள் குரல் தென்காசிக்கும் திருப்பூருக்குமாகப் போய்ப் போய் வந்தது. பாலம் முடிந்து காட்டு ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் விஜயராணி தூங்கிப்போனாள்.

யானைக்குட்டி தாயோடு சேர்ந்த கதை அவளுக்கு மறுநாள் காலை டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. சொன்னவன், குறட்டைக்காரன் இசக்கிமுத்து.